நாவறியாத விலை

சுவைத்துப் பார்ப்பவர் விழுங்குவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் சுவைப்பு அறைக்குள் முதன்முறை நுழைபவர்கள் வியப்போடு காண்பது இதனைத்தான். நீண்ட மேசைமீது வெண்பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் அதற்குரிய உலர்ந்த தூளும், வடித்தெடுத்த சக்கையும் வைக்கப்பட்டிருக்கும். 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், கொதிநீரில் 6 நிமிடம் என்று இதற்கு அனைத்துலக நியமமே வகுக்கப்பட்டிருக்கிறது. சுவைப்பவர் ஒரு கரண்டித் தேநீரை ஓசையெழ உறிஞ்சுவார். காற்றோடு சேர்த்து வாய்க்குள் சுழற்றுவார். கண நேரம் நிற்பார். பின் பக்கத்துக் கலத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துவிடுவார். நாளொன்றில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களை மதிப்பிட வேண்டியவர் அனைத்தையும் குடித்துத் தீர்க்க முடியாது. ஆகவே இதில் அகந்தை எதுவுமில்லை. இது தொழில் முறை.

ஆயினும், எங்கள் பாடசாலையின் பத்தாந்தர மாணவரோடு மலைநாட்டுத் தொழிற்சாலையொன்றுக்குச் சென்றிருந்தபோது, ஒரு மாணவி என் காதருகே வந்து கேட்டாள்: "நல்லாத்தானே இருக்கு சேர், ஏன் துப்புறாங்க?" அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியில், பேருந்து எல்கடுவ வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, அதே மாணவி இன்னொன்று கேட்டாள்: "எங்க வீட்டுத் தேத்தண்ணி இப்பிடி இல்லையே சேர். அதுவும் எங்கம்மா பறிச்ச கொழுந்துதானே?"

அதற்கு அன்று நான் சொன்ன விடை தொழில்நுட்பம் சார்ந்தது. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க விடுவது, உலர்த்துவது, சலிப்பது. சலிக்கும்போது சல்லடைக்குச் சல்லடை தரம் பிரிவது. நல்ல தரம் கொழும்பு ஏலத்துக்குப் போவது. தோட்டத்து வீடுகளுக்கு வருவது மட்டத் தரமாக இருப்பது. சொன்னவை யாவும் உண்மையே. ஆனால் அந்தப் பெண் கேட்டது சல்லடையைப் பற்றி அன்று. செய்தவளின் வீட்டில் செய்பொருளின் சுவை தெரியாதிருப்பது எவ்வாறு என்பதே அவள் வினா. அறவியல் வினா அது. அதற்குரிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

எல்கடுவ, மாத்தளை நகருக்கு மேலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் கிடக்கும் தோட்டப் பிரதேசம். இங்குள்ள தேயிலை நடுமலைத் தேயிலை. அதாவது, கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேலும் 4,000 அடிக்குக் கீழும் விளைவது. நுவரெலியாவுக்கும் திம்புள்ளைக்கும் ஊவாவுக்கும் உள்ள புகழ் இதற்கு இல்லை. சுற்றுலாப் பயணிகள் இங்கு வருவது பெரும்பாலும் ஹுனஸ் நீர்வீழ்ச்சிக்காகவும் குளிருக்காகவும். எனினும் நாடெங்கும் இப்போது பரவிவரும் புதிய வழக்கம் இங்கும் எட்டிப் பார்க்கிறது. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுதல், கூடையைக் கட்டிவிட்டுக் கொழுந்து பறிக்கச் செய்து படம் எடுத்தல், இறுதியில் மேசையருகே அமர்த்தி ஐந்தாறு கிண்ணங்களைச் சுவைக்கத் தருதல். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று இலைக்கு என்ன மணத்தைத் தருகிறது, திம்புள்ளையின் தை மாசிக் கொழுந்து எவ்வாறு வேறுபடுகிறது என்றெல்லாம் அங்கே விளக்கப்படும். மண்ணின் பெயர் சொல்லப்படும். காற்றின் பெயர் சொல்லப்படும். மாதத்தின் பெயரும் சொல்லப்படும். பறித்தவளின் பெயரோ கூலியோ சொல்லப்பட்டதை நான் கேட்டதில்லை.

இந்த வழக்கத்துக்கு முன்மாதிரி நம் மலைகளில் தோன்றவில்லை. திராட்சை மதுவின் நாடுகளில் தோன்றியது. குறிப்பாக இத்தாலியில், தஸ்கனியின் கியாந்திக் குன்றுகளிலும், வடமேற்கே பியெமொன்டின் லாங்கே மலைகளிலும், மது வடிக்கும் இல்லங்களுக்குச் சென்று, நிலவறைகளைப் பார்த்து, மூன்று நான்கு குவளைகளைச் சுவைத்து வருவது பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது. லாங்கேயின் திராட்சைத் தோட்டங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றன. பரோலோ என்ற சிற்றூரின் பெயர் இன்று உலகெங்கும் ஒரு மதுவின் பெயராக அறியப்படுகிறது. அங்கேயும் சுவைப்பவர்கள் துப்புகிறார்கள். சொற்களும் ஏறத்தாழ இவையே: நிறம், மணம், துவர்ப்பு, நாவில் நிற்கும் நேரம்.

ஆனால் அந்த நாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டினால், என் மாணவியின் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்பது தெரியவரும். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் உரோமானியப் பெருநிலக்கிழார் கேட்டோ வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். பண்ணையாட்களுக்கு எவ்வளவு மது அளக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. திராட்சை அறுவடை முடிந்த பின் மூன்று மாதம் அவர்கள் குடிக்க வேண்டியது 'லோரா'. சாறு பிழிந்தெடுத்த சக்கையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் கிடைக்கும் மெல்லிய நீர் அது. அறுவடை முடிந்த கையோடு, கண்முன்னே சாறு ஓடிய பின், அறுத்தவனுக்குச் சக்கை நீர்! அடிமைமுறை ஒழிந்த பின்னும் இது ஒழியவில்லை. பிற்காலத்து இத்தாலியக் குடியானவர்களும் இதே சக்கைநீரை வேறு பெயர்களில் குடித்து வந்தனர். நல்ல மது நிலக்காரனின் பங்காகவோ சந்தைச் சரக்காகவோ வீட்டைவிட்டுப் போயிற்று. நம் லயங்களில் மட்டத் தூளைக் கொதிக்க வைத்து, உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு குடிக்கும் சாயத்தண்ணிக்கும் லோராவுக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை.

தஸ்கனியில் நிலவியது 'மெத்சாத்ரியா' என்னும் வாரமுறை. விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. மீதிப் பாதியில் குடியானவன் குடும்பம் உண்ண வேண்டும், கடனும் தீர்க்க வேண்டும். லாங்கேயின் வறுமையைப் பெப்பே பெனோலியோ 1954இல் 'லா மலோரா' என்ற குறுநாவலில் எழுதினார். வீட்டில் சோறின்றி வாரக்குடி ஒருவனிடம் வேலையாளாக அனுப்பப்படும் இளைஞனின் கதை அது. இன்று பயணிகள் குவளையை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்கும் அதே மலைகள்தாம். அதே 1950களில் நம் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கிக்கொண்டிருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பின்னர் நடந்தவை இரு நாட்டிலும் வேறு வேறு. 1964 செப்டெம்பர் 15ஆம் நாள் இத்தாலி சட்டமியற்றிப் புதிய மெத்சாத்ரியா ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. அதற்கு முன்பே குடியானவர்கள் நகரத்து ஆலைகளை நோக்கிப் போகத் தொடங்கியிருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற கல்வீடுகள் பல இன்று விருந்தினர் விடுதிகள். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், ஆறு வாரங்கள் கழித்து, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. 1948இல் குடியுரிமை இழந்த மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் என்று கூறுபோடப்பட்டனர். அங்கே உழவனை நிலக்காரனிடமிருந்து பிரித்தார்கள். இங்கே உழைப்பவனை நாட்டிலிருந்தே பிரித்தார்கள். இங்கும் பழைய வீடுகள் விடுதிகளாயின; ஆனால் அவை துரைமார் பங்களாக்கள். லயங்களில் இன்றும் மக்களே வாழ்கிறார்கள்.

லாங்கேயில் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. வணிகருக்குத் திராட்சையை விற்று வந்த சிறு விவசாயிகள் பலர், 1960களிலிருந்து தாமே மது வடித்துத் தம் பெயரைப் போத்தலில் எழுதத் தொடங்கினர். ஆகவே அங்கே சில இல்லங்களில் குவளையில் ஊற்றிக் கொடுப்பவர் விதைத்தவரே, அல்லது அவர் மகளே. இதை நான் சிறிதாக எண்ணவில்லை. உடைமை மாறியதும் மேசையருகே யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மாறிவிடுகிறது. எனினும் இதனையே விடியல் என்று கொண்டாடவும் இயலாது. அறுவடைக்கு இப்போது பெருமளவு கூலியாட்கள் மசிடோனியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வருகிறார்கள். ஆளைத் திரட்டிக் கூலியில் பங்கு பிடித்துக்கொள்ளும் இடைத்தரகனை அவர்கள் 'கப்பொராலே' என்பர். நாம் கங்காணி என்போம். அவனைத் தண்டிக்க இத்தாலி 2016இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இனி மெய்யியலாளரிடம் போவோம். டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், டொன் கிஹோத்தே நூலிலிருந்து ஒரு கதையை எடுத்தாளுகிறார். மது மதிப்பிடுவதில் வல்லவர் இருவர் அழைக்கப்பட்டனர். பீப்பாயில் உள்ள மது நன்று. ஆனால் சிறிது தோல்வாடை வீசுகிறது என்றார் ஒருவர். நன்றுதான், ஆனால் இரும்பின் சுவை தட்டுகிறது என்றார் மற்றவர். ஊரார் நகைத்தனர். பீப்பாயைக் காலி செய்தபோது, தோல்வார் கட்டிய பழைய சாவியொன்று அடியில் கிடந்தது! சுவை வெறும் விருப்புவெறுப்பு அன்று, பொருளில் உள்ளதை அறியும் அறிவு என்பது ஹியூம் காட்ட விரும்பியது. நான் அதனை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அந்தச் சாவி யாருடையது, எந்தப் பூட்டுக்குரியது, அதைத் தவறவிட்ட வேலையாளுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று கதையில் எவரும் கேட்கவில்லை.

நூறாண்டு கழித்து, 1859இல், மார்க்ஸ் இதற்கு மறுபக்கத்தைக் காட்டினார். கோதுமையைச் சுவைத்து, அதை விளைவித்தவன் உருசியப் பண்ணையடிமையா, பிரெஞ்சு விவசாயியா, ஆங்கில முதலாளியா என்று சொல்லிவிட முடியாது என்பது அவர் கருத்து. உற்பத்தி உறவு பண்டத்தின் ருசியில் தங்குவதில்லை. இரும்புச் சாவி நாவுக்கு அகப்படும்; அடிமைச் சங்கிலி அகப்படாது.

எனினும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நான் சொல்ல வந்ததும் அதுவே. உழைப்பின் திறன் சுவையில் தெரிகிறது. உழைப்பின் விலைதான் தெரிவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்துக்கும், முற்றிய இலையை உருவிச் சேர்த்த கொழுந்துக்கும் உள்ள வேறுபாடு கிண்ணத்தில் வந்து நிற்கும். கூடையில் கசங்காமல் வைத்த கையும், சாக்கில் அமுக்கிய கையும் வேறு வேறாகத் தெரியும். எனவே சுவைப்பவர் மெச்சுவது மலைக்காற்றை மட்டும் அன்று. கொழுந்து பறிப்பவளின் விரலையும் சேர்த்தே மெச்சுகிறார், அவளைப் பெயர் சொல்லாமல். விலையோ வேறு கணக்கு. ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்தில் 1 கிலோ தேயிலை கிடைக்கும். பல தோட்டங்களில் ஒரு நாட்பேருக்கு 18 கிலோ பறிக்க வேண்டும். அதில் 4 கிலோ தேயிலை. 2 கிராம் வீதம் 2,000 கிண்ணம். பலகாலப் போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாயாகிய நாட்சம்பளம், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாயிற்று. அன்றைய அந்தச் சம்பளத்தை 2,000 ஆல் வகுத்தால் பறித்தவள் கைக்கு ஒரு கிண்ணத்துக்கு எழுபது சதமும் தேறவில்லை. உலகின் எந்த நுண்ணிய நாவும் இந்தக் கணக்கைச் சுவைத்துச் சொல்லாது. கணக்கைச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும்.

அழகை மதிப்பிடும்போது அழகை மட்டும் பார். மக்கள் வியர்வையைப் பற்றிய பேச்சு வேறிடத்துக்குரியது என்று சொல்வோர் உளர். இவர்களுள் தலையாயவர் கான்ட். ஓர் அரண்மனை அழகியதா என்று கேட்டால், மேன்மக்களின் வீண்பெருமைக்காக மக்கள் உழைப்பு விரயமாவதைச் சாடுவாரும் உண்டு. அதனையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் இப்போதைய வினா அதுவன்று என 1790இல் அவர் எழுதினார். வினாவைப் பிரிப்பது தருக்கத்துக்கு நல்லது. ஆனால் பிரித்து வைத்த வினா பிறகு எப்போதாவது எடுக்கப்பட்டதா? சுவைப்பு அறையின் அலுமாரியில் அது இன்னும் பூட்டிக் கிடக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கண்டனம் வரும். தொழிற்சங்க நண்பர் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார்: "வயிறு காயிறவனுக்கு ருசி பத்தி என்ன பேச்சு? மொதல்ல சம்பளம், வீடு, காணி." அவர் வரிசையில் பிழை காண மாட்டேன். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும், அதற்கு முன் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசு நிலங்களை எடுத்துக்கொண்டபோதும், பறிப்பவளுக்குத் தன் காலடி மண் சொந்தமாகவில்லை. 7 பேர்ச் காணிக்கே பின்னாளில் போராட வேண்டியிருந்தது. ஆனால் ருசி அவனுக்கு எதற்கு என்ற வாக்கியத்தை முன்பே வேறெங்கோ கேட்டிருக்கிறோம். கேட்டோவும் அதைத்தான் சொன்னார். ஆளுக்கு அளவு மட்டும் போதும், தரம் வேண்டாம் என்பது உடைமையாளனின் நம்பிக்கை. அதனை நாமும் புரட்சியின் பெயரால் ஒப்புக்கொள்ளலாமோ? மனிதப் புலன்களே வரலாற்றின் ஆக்கம் என்பது இளம் மார்க்ஸின் சிந்தனை. அவ்வாறாயின் ஒரு சமூகத்தின் நாவை மட்டத் தூளோடு நிறுத்தி வைத்ததும் வரலாற்றின் செயலே. அதனைச் சம்பளக் கணக்கில் மட்டும் ஈடுசெய்துவிட முடியாது.

நம் மரபில் 'சுவை' என்ற சொல் நாவோடு நிற்பதில்லை என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியின் உணர்வு, அது மனத்தில் பட்டபோது எழும் குறிப்பு, அக்குறிப்பு உடலில் வெளிப்படும் மாறுபாடு என்று படிப்படியாக விரித்துச் சொல்வார். சுவைப்பு மேசையில் நடப்பது முதலிரண்டு படிகள்தாம். மூன்றாவது படிக்குப் போகுமுன் துப்பிவிடுகிறார்கள். இதை வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கொஞ்சம் வேடிக்கையும் உண்டு.

ஆகவே பயணிகள் வரக்கூடாது, சுவைக்கக்கூடாது என்பது என் வாதமன்று. வெள்ளைக்காரர் ஒருவர் எம் மலையில் விளைந்ததை மெச்சிக் குடிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவதையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து வந்தார்கள். கோப்பிக் காலத்தில் முன்னோர் காடு வழியே நடந்து, பலர் வீழ்ந்து, எஞ்சியோர் வந்து சேர்ந்த அதே பாதையில். மாத்தளை அந்தப் பாதையின் முடிவிடம். இப்பகுதியில் வைக்கப்படும் எந்தச் சுவைப்பு மேசையிலும் இந்தக் கதைக்கு ஒரு நிமிடமும், கூலிக் கணக்குக்கு ஒரு நிமிடமும் ஒதுக்குவதால் தேநீர் கசந்துவிடாது. கொதிநீரில் தூள் கிடக்கும் 6 நிமிடத்தில் வேறு வேலை என்ன இருக்கிறது?

ஆனால் அதனினும் முதன்மையானது, மேசையின் இப்பக்கத்துக்குப் பறிப்பவர்கள் வருவது. அந்தப் பயணத்துக்குப் பின் பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு சிறு முயற்சி செய்தோம். மாத்தளை நகரில் மூன்று வகைத் தேயிலைப் பொதிகள் வாங்கினோம். விஞ்ஞான கூடத்துத் தராசில் 2 கிராம் நிறுத்தோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த கிண்ணங்களில் ஊற்றினோம். பெயர்களை மறைத்து, 1, 2, 3 என்று எண் மட்டும் இட்டோம். வந்தவர்கள் முதலில் நாணினார்கள். "எங்களுக்கு என்னா சேர் தெரியும்" என்றார்கள். பிறகு ஒருவர் பேசத் தொடங்கியதும் மற்றவர்களும் பேசினார்கள். எதில் சாயம் நன்றாக இறங்குகிறது, எதில் துவர்ப்பு நிற்கிறது, எது சும்மா நிறம் மட்டும் என்று வாதம் வலுத்தது. ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் மூன்றாம் கிண்ணத்தை இருமுறை முகர்ந்தார். ஒரு மிடறு குடித்தார். "இது சாக்குல அமுக்கி வச்ச கொழுந்து. ஸ்டோருக்கு வர்றதுக்கு முந்தியே வெந்து போயிருக்கு" என்றார். விலையுயர்ந்த பொதி அதுதான்.

எவரும் துப்பவில்லை, கிண்ணங்கள் காலியாயின. பெயர்களைச் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. அந்த முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாவது பொதி என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். பின்வரிசையில் இருந்த என் மாணவி தாயின் பக்கம் திரும்பி, விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.